சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவருக்கு முதல் வேலை எது? லேப், பிளாண்ட், கன்சல்டன்சி, இ.எஸ்.ஜி., அரசுப் பணி: ஓர் ஒப்பீடு

சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் வாங்கியவர் வேலை தேட உட்காரும்போது முதலில் படிக்க வேண்டியது அறிவிக்கையின் கல்வித் தகுதிப் பத்தி. வேதியியல், தாவரவியல், சிவில் போன்ற பழைய பட்டங்கள் ஏறக்குறைய எல்லா விதிகளிலும் பெயரோடு இருக்கின்றன. நம் பட்டம் பின்னால் வந்தது. சில விதிகளில் ஏறியிருக்கிறது, சிலவற்றில் இல்லை. இதைப் பார்க்காமல் இரண்டு வருடம் கோச்சிங் போய்விட்டு, விண்ணப்பப் படிவத்தில் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்திய வனப்பணியையே எடுத்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ்.சி. பட்டியலில் கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றைப் பட்டப்படிப்பில் ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பி.எஸ்சி. மதிப்பெண் பட்டியலில் வேதியியலோ தாவரவியலோ துணைப்பாடமாகத் தனிப் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். தேர்வில் தேறிய பிறகு ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கி.மீ., பெண்கள் 14 கி.மீ. நடந்து காட்ட வேண்டும் என்பது வேறு. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத் தொழில் பழகுநர் தேர்வில் நிலைமை மேல்; அங்கே சுற்றுச்சூழல் அறிவியல் பெயரோடு இருக்கிறது.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் இதே கதைதான். உதவிப் பொறியாளர் பதவிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு எம்.எஸ்சி. வேண்டும்; அதில் சுற்றுச்சூழல் அறிவியலோடு வேதியியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள். 2019 அறிவிக்கையில் உதவிப் பொறியாளர் இடங்கள் 73, விஞ்ஞானி இடங்கள் 60. இரண்டுக்கும் சம்பள விகிதம் 37,700 – 1,19,500 ரூபாய். இந்தத் துறையில் தொடக்க நிலையில் இதைவிட நிலையான வேலை தமிழ்நாட்டில் அரிது. ஆனால் அறிவிக்கை ஆண்டுதோறும் வருவதில்லை. 2022-இல் சட்டம் கொண்டுவந்து வாரியங்கள், கழகங்களின் ஆள்சேர்ப்பை டி.என்.பி.எஸ்.சி.யிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எனவே பாடப்பகுதியோடு பொதுத்தமிழ், பொதுஅறிவு என்ற வழக்கமான தயாரிப்பும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்க ஏற்ற தேர்வு இது இல்லை.

பள்ளி ஆசிரியர் வேலையை நினைத்து எம்.எஸ்சி. சேர்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வில் நுண்ணுயிரியல்கூடத் தனிப் பாடமாக இருக்கிறது, சுற்றுச்சூழல் அறிவியல் இல்லை. கல்லூரிப் பக்கம் போவதென்றால் யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப்பாடம், ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் என்று தனித்தாள் வந்துவிட்டது. எம்.டெக். எண்ணம் இருப்பவர்களுக்கு அது நல்ல வாசல்.

இனி தனியார் பக்கம். பெரும்பாலானவர்களின் முதல் சம்பளம் இங்கிருந்துதான் வரும்.

லேபும் பிளாண்ட்டும்

தனியார் பரிசோதனைக் கூடங்கள் சென்னை, கோவை, திருப்பூர், ஈரோடு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் நிறைய. தொடக்கச் சம்பளம் பதினைந்தாயிரத்துக்கு முன்னே பின்னே இருக்கும். வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. ஆனால் முதல் வேலைக்கு இதைத்தான் முதலில் வைக்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பரிசோதனையைக் கிட்டத்தில் பார்த்தாலே போதும்.

பி.ஓ.டி. என்பது கல்லூரியில் ஒரு வரையறை: நீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன். லேபில் அது 300 மி.லி. பாட்டில், 27 டிகிரி இன்குபேட்டர், 3 நாள். கச்சா கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மி.கி. என்று வைத்துக்கொண்டால் பாட்டிலில் 3 மி.லி. சாம்பிள்தான் விட வேண்டும், மீதி நீர்க்கச் செய்யும் தண்ணீர். மூன்றாம் நாள் கரைந்த ஆக்சிஜன் 2.5 மி.கி. குறைந்திருக்கும். புதியவர் 30 மி.லி. விட்டால் தேவை 25 மி.கி. ஆகிவிடும், அந்த வெப்பநிலையில் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே 8 மி.கி.க்குச் சற்றுக் குறைவு. மூன்றாம் நாள் பாட்டிலில் பூஜ்யம். சாம்பிளும் போச்சு, மூன்று நாளும் போச்சு. குறைந்தது 2 மி.கி. இறங்கியிருக்க வேண்டும், கடைசியில் குறைந்தது 1 மி.கி. மிஞ்சியிருக்க வேண்டும்; இல்லையென்றால் அந்த முடிவு செல்லாது. அதனால்தான் சாம்பிளை ஒரே அளவில் வைக்காமல் இரண்டு மூன்று அளவுகளில் நீர்க்கச் செய்து வைக்கிறார்கள். வியாழக்கிழமை வைத்த பாட்டிலை ஞாயிறன்று யாராவது வந்து பார்த்தாக வேண்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. ஞாயிறு டியூட்டி பட்டியலில் முதலில் ஏறுவது புதிதாகச் சேர்ந்தவர் பெயர்தான்.

சி.ஓ.டி., அதாவது கழிவை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன். இதில் பொறி வேறு இடத்தில். சாயப்பட்டறை நீரில் உப்பு மிகுதி. குளோரைடை மெர்குரிக் சல்பேட் போட்டுக் கட்டாவிட்டால், சோதனைக்கு ஊற்றும் டைக்ரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்து, இல்லாத மாசை இருப்பதாகக் காட்டும். 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஃபெராயின் என்ற நிறங்காட்டி நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்புக்குத் திரும்பும் அந்த ஒரு சொட்டில் நிறுத்தப் பழக ஒரு மாதமாவது ஆகும். இப்படி ஒவ்வொரு எண்ணும் எப்படிப் பிறக்கிறது, எங்கே தப்பும் என்று கையால் தெரிந்தவருக்குப் பின்னாளில் எந்த அறிக்கையை நீட்டினாலும் ஒரு பார்வையில் சந்தேகம் வரும். பி.ஓ.டி. சி.ஓ.டி.யைவிடக் கூடுதலாக இருக்கிறதே, அப்படி வராதே என்று கேட்பார். அந்தக் கண்தான் பிற்பாடு விலைபோகிறது. கெடுதியும் உண்டு: பாதரசம், செறிந்த அமிலம், ஃபியூம் ஹூட் ஒழுங்காக ஓடாத அறைகள். மூன்று ஆண்டுக்கு மேல் அதே மேசையில் அதே பரிசோதனையில் இருந்தால் சம்பளம் நகராது.

பிளாண்ட் வேலை என்பது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (எஸ்.டி.பி.), ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (இ.டி.பி.), திருப்பூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் பொது சுத்திகரிப்பு நிலையங்கள். திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, துளிக் கழிவுநீரும் வெளியே போகாத முறை அங்கே கட்டாயமாகிவிட்டது. அதனால் ஒரே வளாகத்தில் உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., பல கட்ட ஆவியாக்கி, உப்பு மீட்பு என்று எல்லாமே பார்க்கலாம். தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. மூன்று ஷிஃப்ட், வெக்கை, நாற்றம் மூன்றும் கூடவே வரும்.

இங்கே தினமும் செய்வது எளிய சோதனைதான். காற்றோட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து அளவுருளையில் ஊற்றி 30 நிமிடம் விடுங்கள். கசடு 300 மி.லி.யில் படிந்து, தொட்டி நீரில் மிதக்கும் திடப்பொருளின் அளவு (எம்.எல்.எஸ்.எஸ்.) லிட்டருக்கு 3,000 மி.கி., அதாவது 3 கிராம் என்றால், 300-ஐ 3-ஆல் வகுத்துக் கசடுக் குறியீடு 100, ஆரோக்கியமான தொட்டி. அதே எம்.எல்.எஸ்.எஸ்.ஸில் 600 மி.லி. வரை கசடு நின்றால் குறியீடு 200. இழை பாக்டீரியா பெருகி, கசடு படியாமல் வெளிநீரோடு வழியப் போகிறது. பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறை. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க ராத்திரியில் காற்றை ஊதும் ப்ளோயரை நிறுத்திவிடுவார்கள், தொட்டியில் 2 மி.கி. இருக்க வேண்டிய ஆக்சிஜன் பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடும். ஆலையாக இருந்தால் உயிரியல் தொட்டி கெட்டதன் பலன் இரண்டு நாளில் ஆர்.ஓ. சவ்வில் அடைப்பாக வந்து சேரும். குற்றம் மட்டும் ஆர்.ஓ. ஆபரேட்டர் தலையில்.

பி.எஸ்சி.யோடு நிற்பவருக்கு லேபா பிளாண்ட்டா என்றால், கையில் நிதானமும் எழுத்தில் ஒழுங்கும் இருப்பவர் லேபுக்கும், இயந்திரத்தோடும் ஆட்களோடும் மல்லுக்கட்டப் பிடிப்பவர் பிளாண்ட்டுக்கும் போகலாம். சம்பளம் பிளாண்ட்டில் சற்று வேகமாக ஏறும். லேபிலிருந்து பிளாண்ட்டுக்கு மாறுவது சுலபம். பிளாண்ட்டில் நாலு வருடம் இருந்தவரை லேபில் எடுக்கத் தயங்குவார்கள்.

கன்சல்டன்சி

2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (இ.ஐ.ஏ.) அறிக்கை வேண்டும், அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இந்தியத் தர கவுன்சிலின் கீழ் உள்ள நாபெட்டின் அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரம் நிறுவனத்தோடு நிற்பதில்லை. காற்று, நீர், ஒலி, உயிரியல், நிலவியல், சமூகப் பொருளாதாரம் என்று ஒவ்வொரு துறைக்கும் பெயர் சொல்லி ஒரு நிபுணர் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். புதியவர் முதலில் களப் பணியாளர். பிறகு துணை நிபுணர். பல ஆண்டு கழித்துத் துறை நிபுணர். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் உங்கள் பெயருக்கே சந்தையில் மதிப்பு. ஒரு நிபுணர் விலகினால் அந்தத் துறையில் நிறுவனமே தடுமாறும் என்பதால் போகவிட மனம் வராது.

அதற்கு முந்தைய ஆண்டுகள் கடினம். அடிப்படைத் தரவு எடுக்க மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம், அதாவது மூன்று மாதம், திட்ட இடத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் தங்க வேண்டும். காற்றுக்கு வாரம் இரண்டு நாள், நாளுக்கு 24 மணி நேரம். 12 வாரத்தில் ஒரு நிலையத்துக்கு 24 நாள். எட்டு நிலையம் என்றால் 192 சாம்பிள். கருவி பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் இருக்கும். இரவில் சத்தம் தாங்காமல் வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்துவிடுவார், அல்லது கிராமத்தில் கரண்ட் போகும். ஜெனரேட்டரைப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் அதன் புகையே கருவிக்குள் போய்விடும். பி.எம். 2.5 எனும் நுண்தூசியைப் பிடித்த வடிதாளை எடை போடும் முன்னும் பின்னும் 24 மணி நேரம் ஈரப்பதம் கட்டுப்படுத்திய இடத்தில் வைக்காவிட்டால், அளப்பது தூசியையா ஈரத்தையா என்று தெரியாது.

இந்த இடத்தில்தான் இந்தத் தொழிலின் பெரிய நோய் தொடங்குகிறது. தவறிய நாட்களை அறையில் உட்கார்ந்து நிரப்புவது. தரவை மறைத்தாலோ பொய்யாகக் கொடுத்தாலோ விண்ணப்பம் தள்ளுபடியாகும், கொடுத்த அனுமதியும் ரத்தாகும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. அறிக்கையில் கையெழுத்து உங்களுடையது என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தில் பதில் சொல்வதும் நீங்கள்தான். நேர்காணலிலேயே ஒன்று கேட்டுவிடுங்கள்: கருவி நின்றுபோன நாளுக்கு என்ன செய்கிறீர்கள்? மாற்று நாள் ஓட்டுவோம், களப் பதிவேட்டில் எழுதுவோம் என்று சட்டென்று பதில் வந்தால் சேரலாம்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இந்த வேலையின் இன்னொரு முகம். 30 நாள் முன்னறிவிப்போடு மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் பிரதிநிதி தலைமையில் நடக்கும். அங்கே விவசாயி கேட்கும் கேள்விக்கு நல்ல தமிழில், கலைச்சொல்லில் ஒளியாமல் பதில் சொல்லத் தெரிந்தவருக்குக் கன்சல்டன்சியில் தனி மதிப்பு. அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. புதியவர் பெயரெடுக்க அது எளிய வழி.

ஆலைக்குள் இ.எச்.எஸ்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆலைகளில் சுற்றுச்சூழல், சுகாதாரம், பாதுகாப்பு மூன்றும் ஒரே மேசையில் இருக்கும். சுற்றுச்சூழல் பாதி காலண்டரில் ஓடுகிறது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைக்கு ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு அறிக்கை. அபாயக் கழிவுக்கு ஜூன் 30-க்குள் படிவம் 4. சுற்றுச்சூழல் அறிக்கை படிவம் 5 செப்டம்பர் 30-க்குள். அபாயக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது; வண்டி ஏறும்போது படிவம் 10 கூடப் போக வேண்டும். ஆய்வில் சிக்குவது பெரும்பாலும் சிறிய விஷயம்தான்: கிடங்கில் உள்ள பீப்பாய்களின் எண்ணிக்கையும் பதிவேட்டில் உள்ள கணக்கும் ஒத்துப்போகாது, பீப்பாயில் ஒட்டிய லேபிளில் தேதி இருக்காது.

பாதுகாப்புப் பாதிதான் சிக்கல். தொழிற்சாலைகள் சட்டத்தின் வழி வந்த விதிகளில் பாதுகாப்பு அலுவலருக்குப் பொறியியல் பட்டமும் இரண்டு ஆண்டு அனுபவமும், அல்லது இயற்பியல், வேதியியல் பட்டமும் ஐந்து ஆண்டு அனுபவமும், கூடவே தொழிற்பாதுகாப்புப் பட்டயமும் கேட்கிறார்கள். மறுபடியும் நம் பட்டத்தின் பெயர் இல்லை. நீங்கள் இ.எச்.எஸ். எக்சிகியூட்டிவாக எத்தனை ஆண்டும் இருக்கலாம். சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர் நாற்காலி வேறொருவருக்குப் போகும். பழைய சட்டத்தில் 1,000 தொழிலாளர்கள் அல்லது அதற்கு மேல் என்றிருந்த வரம்பை 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு 500 ஆகவும், அபாயத் தொழிலில் 250 ஆகவும் குறைத்திருப்பதால் அந்த நாற்காலிகள் கூடும். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் எடுத்தவர்களுக்கு இங்கே பெரிய சாதகம். பட்டயத்துக்குப் பணம் கட்டுமுன் உங்கள் இளங்கலைப் பட்டம் விதியில் பொருந்துகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நெபாஷ் என்ற பிரிட்டிஷ் தொழிற்பாதுகாப்புச் சான்றிதழை வைத்துத்தான் போகிறார்கள். அங்கேயும் வேலை விளம்பரங்கள் பணியிடத்தில் பாதுகாப்பு பார்த்த அனுபவத்தைத்தான் கேட்கும். இங்கே ஓர் ஆண்டுகூட வேலை பார்க்காமல் சான்றிதழை மட்டும் எடுப்பது காசுக்குக் கேடு.

இ.எஸ்.ஜி.

நிறுவனங்களின் சுற்றுச்சூழல், சமூக, நிர்வாகச் செயல்பாட்டைக் கணக்கெடுத்து அறிக்கையாக்கும் வேலை இது. இன்றைக்கு எல்லோர் கண்ணும் இதன்மேல். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியின் விதிப்படி சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022–23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். எனும் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். ஏசி அறை, மடிக்கணினி, நல்ல தொடக்கச் சம்பளம். வேலையின் உள்ளே போனால் பெரும்பகுதி எக்செல். மாதம் ஒரு லட்சம் யூனிட் மின்சாரம் என்றால், இந்திய மின்தொகுப்புக்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ என்ற காரணியில் 70 டன் கார்பன் டை ஆக்சைடு. ஜெனரேட்டருக்கு 1,000 லிட்டர் டீசல் என்றால் 2.7 டன். பெருக்கல் யாருக்கும் வரும். கஷ்டம், அந்த ஒரு லட்சம் யூனிட்டில் ஆலையின் சொந்தக் காற்றாலையிலிருந்து வந்தது எவ்வளவு, அந்தக் காற்றாலையின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழை ஏற்கெனவே வேறொருவருக்கு விற்றுவிட்டார்களா என்று கண்டுபிடிப்பதில். விற்றிருந்தால் பசுமை மின்சாரம் என்று கணக்கு காட்ட முடியாது. உடுமலைப் பக்கமும் முப்பந்தலிலும் காற்றாலை வைத்திருக்கும் மில்களில் இந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்குத்தான். ஆயத்த ஆடைக்கு இல்லை. திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளரிடம் வாங்குபவர் கேட்பது ஆலையின் சுற்றுச்சூழல் செயல்பாட்டை அளக்கும் ஹிக் எஃப்.இ.எம். மதிப்பீடும், அபாய வேதிப்பொருள் வெளியேறுகிறதா என்று பார்க்கும் இசட்.டி.எச்.சி. கழிவுநீர் அறிக்கையும். அதற்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே கழிவுநீர் தெரிந்தவர் வெறும் எக்செல் தெரிந்தவரைச் சுலபமாகத் தள்ளிவிடுவார். கல்லூரியிலிருந்து நேராக இ.எஸ்.ஜி. மேசைக்குப் போனவரின் பலவீனம் இதுதான்: ஆலை அனுப்பிய எண் தப்பு என்று சொல்ல அவருக்குக் கைப்பிடி இல்லை. இரண்டு ஆண்டு கழித்து லேபுக்கோ பிளாண்ட்டுக்கோ இறங்கி வரச் சம்பளம் விடாது. எதிர்த் திசையில் பாதை திறந்தே இருக்கிறது. 2025-இல் மத்திய அரசு கொண்டுவந்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் பதிவுபெற்ற தணிக்கையாளர் என்ற ஒரு பிரிவையும் உண்டாக்கியிருக்கின்றன. அதிலும் களம் பார்த்தவர் கைதான் ஓங்கும்.

ஆராய்ச்சியும் தொண்டு நிறுவனமும்

ஆனைகட்டி சலீம் அலி மையம், கோத்தகிரி கீஸ்டோன், தரமணி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மணிமுத்தாற்றில் களநிலையம் வைத்திருக்கும் ஏட்ரீ, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள கடலோர மேலாண்மை மையம் போன்ற இடங்களில் திட்டப் பணியாளர் வேலை வரும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்ற தெளிவோடு போக வேண்டும். இங்கே தேவைப்படுவது பறவை, தாவர இன அடையாளம், புள்ளியியல், கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள் என்பவைதான், பட்டத்தின் பெயர் யாருக்கும் பொருட்டல்ல. முனைவர் பட்டம் நோக்கம் என்றால் இதுவே சரியான படி. வீட்டுக்கு உடனே பணம் அனுப்ப வேண்டியவருக்கு இது முதல் வேலை ஆகாது.

பி.எஸ்சி. மட்டும், வீட்டில் நெருக்கடி என்றால் லேப் அல்லது பிளாண்ட்டில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டிலிருந்து எம்.எஸ்சி.க்கோ கேட் தேர்வுக்கோ தயாராகலாம். எம்.எஸ்சி. முடித்தவர், ஊர் சுற்ற முடிந்தவர் என்றால் கன்சல்டன்சி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வுக்குப் படிப்பதும் கூடவே நடக்கட்டும். இ.எஸ்.ஜி. அழைப்பு நேராக வந்து, பெரிய நிறுவனமாகவும் இருந்தால் மறுக்கச் சொல்ல மாட்டோம். முதல் ஆண்டிலேயே ஆலைத் தணிக்கைக்குப் போகும் குழுவில் இடம் கேளுங்கள்.

லேப் வேலைக்குக் கையெழுத்திடும் முன் இன்னொன்று. அங்கீகாரம் பெற்ற லேப் என்று எல்லோரும் சொல்வார்கள். பரிசோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் சான்றிதழோடு ஸ்கோப் என்ற இணைப்பு உண்டு. எந்தப் பரிசோதனை, எந்த முறை, எந்த அளவு வரம்பு என்று வரிவரியாக இருக்கும், என்.ஏ.பி.எல். தளத்தில் யாரும் பார்க்கலாம். குடிநீரில் பத்துப் பரிசோதனை மட்டும் உள்ள லேபில் இரண்டு ஆண்டும், கழிவுநீர், புகைபோக்கி, வெளிக்காற்று, உலோகங்கள் எல்லாம் உள்ள லேபில் இரண்டு ஆண்டும் பயோடேட்டாவில் ஒன்றுபோலத் தெரியும். அடுத்த நேர்காணலில் அப்படி ஒன்றுபோலத் தெரியாது. சான்றிதழின் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.